கர்ப்பப்பையும் எடுத்தாச்சு, தூரமும் நின்னாச்சு. பிறகு எங்கிருந்து வருது "பொம்பள ஹார்மோன்"? எலிகள் பதில் சொன்ன கதை (நீண்ட இழை)

1/ போன மாசம் ஓ.பி.யில ஒரு அம்மா. வயசு அறுபதைத் தாண்டும். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கின கை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்பகப் புற்றுநோய்க்கு பெரியாஸ்பத்திரில ஆபரேஷன், ஊசி எல்லாம் முடிச்சு, லெட்ரோசோல் மாத்திரை மட்டும் தினம் ஒண்ணு போடச் சொல்லி அனுப்பியிருந்தாங்க.

2/ வந்தது சர்க்கரை மாத்திரை வாங்க. பையைத் திறந்து பாத்தா லெட்ரோசோல் அட்டை அட்டையா அப்படியே இருக்கு. ஏழு மாசமா போடல. எனக்குக் கோபம் வந்துடுச்சு. வரிசையில நூறு பேர் நிக்குறாங்க, சத்தம் போட்டுட்டேன். அந்தம்மா அமைதியா ஒரு கேள்வி கேட்டாங்க.

3/ "சார், இது பொம்பள ஹார்மோனைக் குறைக்குற மாத்திரைன்னு சொன்னாக. எனக்குத் தூரம் நின்னு பதினஞ்சு வருஷமாச்சு. கர்ப்பப்பை, முட்டைப்பை எல்லாத்தையும் எப்பவோ எடுத்துட்டாக. எனக்கு எங்கிட்டிருந்து சார் அந்த ஹார்மோன் வருது? இல்லாததை எதுக்கு மாத்திரை போட்டுக் குறைக்கணும்?"

4/ எனக்கு வாயடைச்சுப் போச்சு. பாடப்புத்தகப் பதில் தெரியும். ஆனா இந்தக் கேள்வியோட கனம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. இதே கேள்விகிட்ட ஆராய்ச்சி உலகம் வந்து சேர்றதுக்கே நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பதிலைக் கண்டுபிடிச்சது மனுஷங்க உடம்புல இல்ல, சுண்டெலி உடம்புல.

நான் புற்றுநோய் நிபுணர் இல்லை. எம்.பி.பி.எஸ். படிச்ச அரசு மருத்துவர். வாசிச்சதை வரிசையாச் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

5/ கதை ஆட்டுப் பண்ணையில ஆரம்பிக்குது. 1870-கள், ஸ்காட்லாந்து. ஜார்ஜ் பீட்சன்னு ஒரு இளம் டாக்டர், பால் சுரப்பைப் பத்தி ஆய்வுக் கட்டுரை எழுதுறார். தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துலயே செம்மறியாட்டுப் பண்ணை. அங்கதான் ஒரு சேதி அவர் காதுக்கு வருது: சில நாடுகள்ல, கன்னு ஈன்ற பசுவுக்கு சினைப்பையை எடுத்துட்டா பால் வத்தாம ரொம்ப நாள் கறக்குமாம்.

6/ கரிசக்காட்டுக்காரங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. காளைக்குக் காயடிச்சா திமில், கழுத்து, குணம் எல்லாம் மாறிப்போகும்னு நம்ம தாத்தாமாருக்குத் தெரியும். எங்கேயோ இருக்கிற ஒரு உறுப்பை எடுத்தா, சம்பந்தமே இல்லாத வேற இடம் மாறுது. நரம்பு வழியா நடக்குதா, ரத்தம் வழியா நடக்குதான்னு அப்ப யாருக்கும் தெரியாது. "ஹார்மோன்" என்ற சொல்லே 1905-ல தான் வந்துச்சு.

7/ பீட்சன் யோசிச்சார்: சினைப்பைக்கும் மார்புக்கும் இப்படி ஒரு பிடி இருந்தா, மார்பில் வர்ற புற்றுக்கும் அந்தப் பிடி இருக்குமோ?

1895 ஜூன் மாசம். 33 வயசு, ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய். மார்பகப் புற்று மறுபடி வந்து, இனி அறுக்க முடியாதுன்னு கைவிட்ட நிலை. அவங்க சம்மதத்தோட ரெண்டு சினைப்பையையும் எடுத்தார். சில மாசத்துல கட்டிகள் கரைஞ்சுது. 1896-ல லான்செட் இதழ்ல எழுதினார்.

8/ ஆனா அந்தப் பெண்ணுக்குக் கட்டி திரும்பி வந்துச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு கிட்டத்தட்ட நாலு வருஷம் இருந்தாங்க. அப்புறம் மத்த டாக்டர்களும் செஞ்சு பாத்தாங்க. 1900-ல லண்டன் டாக்டர் ஸ்டான்லி பாய்ட் 54 பேரோட விவரத்தைத் தொகுத்தார். ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்குத்தான் பலன்.

ஆக ரெண்டு புதிர். ஒண்ணு: ஏன் மூணுல ஒருத்தருக்கு மட்டும்? ரெண்டு: பலன் கிடைச்சவங்களுக்கும் ஏன் திரும்பி வருது? சினைப்பைதான் போயிடுச்சே? அந்தம்மா கேட்டது ரெண்டாவது புதிர்.

9/ இப்ப அமெரிக்கா. மாசச்சூசெட்ஸ்ல கிரான்பி என்ற சின்ன ஊர். அபி லாத்ரோப், முன்னாள் பள்ளிக்கூட டீச்சர். கோழிப்பண்ணை வச்சுப் பாத்தார், ஓடல. சரின்னு சுண்டெலி வளர்க்க ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல அழகுக்கு எலி வளர்க்குற பழக்கம் உண்டு. கொஞ்ச நாள்ல ஆய்வகங்களும் அவர்கிட்ட வாங்க ஆரம்பிச்சாங்க. பண்ணையில ஆயிரக்கணக்கான எலி.

10/ எது எதுக்குப் பிறந்துச்சு, எது எப்ப செத்துச்சுன்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சார். இந்த ஒரு பழக்கம்தான் அவரை விஞ்ஞானி ஆக்குச்சு. சில குடும்பத்து எலிகளுக்கு உடம்புல கட்டி வர்றதைப் பாத்துட்டு, நோயியல் நிபுணர் லியோ லோப்-க்குக் கடிதம் போட்டார். அது புற்றுன்னு லோப் உறுதி செஞ்சார். டாக்டர் பட்டம் இல்லாத ஒரு பெண்ணும் பேராசிரியரும் சேர்ந்து கட்டுரை மேல கட்டுரை போட்டாங்க.

11/ 1916-ல வந்த கட்டுரை முக்கியமானது. மார்புக் கட்டி அதிகம் வர்ற குடும்பத்துப் பெண் எலிகளுக்குச் சின்ன வயசுலயே சினைப்பையை எடுத்துட்டா, கட்டி வர்றது வெகுவாக் குறையுது. பரம்பரை மட்டும் போதாது, உள்ளே சுரக்கிற ஏதோ ஒண்ணும் வேணும்னு முதல்முறையா எண்ணிக்கையோட காட்டினாங்க. லாத்ரோப் 1918-ல இறந்துட்டார். இன்னைக்கு உலகம் பூரா ஆய்வகத்துல ஓடுற கறுப்புச் சுண்டெலி வம்சம் அவர் பண்ணையில இருந்து போனதுதான்.

12/ அந்த "ஏதோ ஒண்ணு" 1929-ல கைக்குச் சிக்குச்சு. அமெரிக்காவுல எட்வர்ட் டாய்சி, ஜெர்மனியில அடால்ஃப் புட்டனாண்ட், ரெண்டு பேரும் தனித்தனியா ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜனைப் பிரிச்சு எடுத்தாங்க.

1932-ல பாரிஸ்ல அந்துவான் லக்கஸாஞ் அதை எடுத்து ஆண் எலிகளுக்குத் தொடர்ந்து ஊசி போட்டார். ஆண் எலிக்கு மார்பகப் புற்று சாதாரணமா வராது. இதுகளுக்கு வந்துச்சு!

13/ லக்கஸாஞ் அதோட விடல. 1936-லயே சொன்னார்: பரம்பரையா ஆபத்து உள்ளவங்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் மார்புல வேலை செய்யாமத் தடுக்குற ஒரு எதிர்ப்பொருள் கிடைச்சா புற்றைத் தடுக்கலாமேன்னு. அப்ப அப்படி ஒரு மருந்து உலகத்துலயே இல்ல. அதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

14/ அதே 1936-ல அமெரிக்காவுல ஜான் பிட்னர் இன்னொண்ணைக் கண்டுபிடிச்சார். புற்று அதிகம் வர்ற எலிக்குப் பிறந்த குட்டியை, புற்று வராத எலிகிட்ட பால் குடிக்க விட்டா புற்று குறையுது. பால்வழியா ஏதோ போகுது. அது ஒரு வைரஸ்னு பின்னாடி தெரிஞ்சுது.

இதைப் படிச்சுட்டு யாரும் பயப்படாதீங்க. அது சுண்டெலி வைரஸ். மனுஷங்கள்ல தாய்ப்பால் கொடுக்கிறது அம்மாவுக்கு மார்பகப் புற்று ஆபத்தைக் குறைக்கத்தான் செய்யுது.

15/ இப்ப அந்தம்மாவோட கேள்விக்கு வர்றோம். 1939, ஜாக்சன் ஆய்வகம். வூலி, ஃபெகெட்டே, லிட்டில்னு மூணு பேர். பிறந்தவுடனே பெண் சுண்டெலிகளுக்குச் சினைப்பையை எடுத்துட்டாங்க. வாழ்க்கையில ஒரு நாள் கூட சினைப்பை வேலை செய்யாத எலிகள். இதுகளுக்கு மார்புப் புற்று வரவே கூடாது, இல்லையா?

வந்துச்சு. வயசான பிறகு வந்துச்சு.

16/ அறுத்துப் பாத்தாங்க. சினைப்பை இல்லாத எலிக்குக் கர்ப்பப்பை சுருங்கிக் கிடக்கணும். ஆனா நல்லா வளர்ந்து நிக்குது. மார்புச் சுரப்பியும் அப்படியே. யாரோ உள்ளுக்குள்ள ஈஸ்ட்ரோஜன் சப்ளை பண்ணியிருக்காங்க. தேடிப் பாத்தா ஒரே ஒரு இடத்துலதான் மாற்றம்: அட்ரீனல் சுரப்பி. முடிச்சு முடிச்சா வீங்கியிருந்துச்சு.

17/ அட்ரீனல்னா என்ன? கறிக்கடையில ஆட்டுக் குண்டிக்காய் வாங்கியிருப்பீங்க. கொழுப்போட எடுத்தா அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சுரப்பி ஒட்டியிருக்கும். நமக்கும் ரெண்டு சிறுநீரகத்துக்கு மேலயும் தொப்பி மாதிரி ஒண்ணு ஒண்ணு இருக்கு. ஒவ்வொண்ணும் சில கிராம்தான். அதோட வெளித்தோல் பகுதியில இருந்துதான் கார்ட்டிசால் வருது, உப்பைக் காக்குற ஹார்மோன் வருது, கொஞ்சம் பாலின ஹார்மோன்களும் வருது.

எலி சொன்ன பதில் இதுதான்: முன்வாசலை அடைச்சாலும் கொல்லைவாசல் திறந்திருக்கு.

18/ அப்ப அட்ரீனலையும் எடுத்துடலாமே? அங்கதான் சிக்கல். அட்ரீனல் இல்லாம உயிர் தரிக்காது. 1940-கள்ல சிகாகோவில சார்லஸ் ஹக்கின்ஸ் முயற்சி பண்ணினார், நோயாளிகள் தாக்குப்பிடிக்கல.

ஹக்கின்ஸ் சாதாரண ஆள் இல்ல. ஆய்வக விலங்குகள்ல நாய்க்குத்தான் மனுஷனை மாதிரி தானாவே புராஸ்டேட் கட்டி வரும். நாய்கள்ல பரிசோதிச்சு, 1941-ல புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனை நம்பி வளருதுன்னு காட்டினவர். விரையை எடுத்தாலோ, ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ கட்டி சுருங்குச்சு. 1966-ல நோபல் பரிசு.

19/ கவனிச்சீங்களா? மார்புல புற்றை வளர்க்குற அதே ஈஸ்ட்ரோஜன் இங்க மருந்து. இன்னும் வேடிக்கை: 1944-ல லண்டன்ல அலெக்சாண்டர் ஹாடோ, வயசான பெண்களோட மார்பகப் புற்றையே அதிக அளவு செயற்கை ஈஸ்ட்ரோஜன் கொடுத்துச் சுருக்கிக் காட்டினார். எந்த உறுப்பு, எந்த வயசு, எவ்வளவு அளவு. இந்த மூணும் தெரியாம "ஹார்மோன் நல்லதா கெட்டதா"ன்னு கேட்டா பதில் கிடையாது.

20/ அட்ரீனலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1943-ல ராக்ஃபெல்லர் நிறுவனத்துல மர்ஃபி, ஸ்டர்ம் ரெண்டு பேரும் எலிகளுக்கு அட்ரீனலை எடுத்துட்டு ரத்தப் புற்றுச் செல்லைச் செலுத்தினாங்க. சாதாரண எலிகளை விட இதுகளுக்கு நோய் எளிதாப் பிடிச்சுது. அட்ரீனல்ல ஏதோ ஒண்ணு ரத்தப் புற்றை அடக்கி வச்சிருக்கு!

21/ அடுத்த வருஷமே மேயோ கிளினிக்ல ஹெய்ல்மன், கெண்டல் ரெண்டு பேரும் அந்தப் பொருளையே எலிக்குக் கொடுத்தாங்க. கெண்டல் மாட்டோட அட்ரீனல்கள்ல இருந்து பிரிச்செடுத்து "ஈ கூட்டுப்பொருள்"னு பேர் வச்சிருந்தது. சுண்டெலியோட நிணநீர்ப் புற்றுக் கட்டி கரைஞ்சுது. அந்த ஈ கூட்டுப்பொருள்தான் கார்ட்டிசோன்.

1948-ல முடக்குவாதத்துக்குக் கொடுத்து உலகமே அசந்துச்சு, 1950-ல நோபல். ஆனா எலியோட புற்று அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டுச்சு.

22/ 1949-ல மனுஷங்களோட நிணநீர்ப் புற்றுலயும் கட்டி சுருங்குறதைக் காட்டினாங்க. இன்னைக்கும் குழந்தைகளோட ரத்தப் புற்றுக்கு முதல் மாச சிகிச்சையில பிரட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ இல்லாம இருக்காது. அந்த வழி எலியில இருந்து வந்துச்சு.

ஆனா மறுபக்கமும் எலிதான் காட்டுச்சு. 1950-கள்ல சில பரிசோதனைகள்ல, வேற வகைக் கட்டி உள்ள சுண்டெலிக்குக் கார்ட்டிசோன் கொடுத்தப்ப நுரையீரலுக்குப் பரவுறது அதிகமாச்சு. உடம்போட காவலைக் குறைக்குற மருந்து, ஆளைப் பொறுத்து நண்பன், ஆளைப் பொறுத்து எதிரி.

23/ கார்ட்டிசோன் கையில வந்ததும் ஹக்கின்ஸ் திரும்பி வந்தார். 1951-52ல ரெண்டு அட்ரீனலையும் எடுத்துட்டு, மாத்திரையா கார்ட்டிசோன் கொடுத்தார். நோயாளி பிழைச்சாங்க. முற்றின மார்பகப் புற்றுள்ள சிலருக்குக் கட்டி சுருங்குச்சு. எலி சொன்னது மனுஷங்கள்லயும் உண்மைன்னு நிரூபணம். ஆனா என்ன விலை! வயித்துல பெரிய ஆபரேஷன், வாழ்நாள் முழுக்க மாத்திரை. ஒரு நாள் விட்டா உயிருக்கு ஆபத்து. அப்பவும் பலன் சிலருக்குத்தான்.

24/ முதல் புதிர் இன்னும் நிக்குது: ஏன் சிலருக்கு மட்டும்?

நம்ம ஊர் உதாரணம் சொல்றேன். கரிசல்ல மழை பெய்யலைன்னா கம்பும் உளுந்தும் கருகிடும். சீமைக்கருவேலத்துக்கு என்ன? அது பாட்டுக்கு நிக்கும். மார்பகப் புற்றும் ரெண்டு சாதி. ஒண்ணு ஈஸ்ட்ரோஜன் மழையை நம்பினது. இன்னொண்ணு சீமைக்கருவேலம். மழையை நிறுத்தினா முதல் சாதி மட்டும்தான் வாடும்.

25/ இதைச் செல்லுக்குள்ள பாத்தவர் எல்வுட் ஜென்சன். 1950-களோட கடைசியில, கதிரியக்க அடையாளம் போட்ட ஈஸ்ட்ரோஜனை வயசுக்கு வராத பெண் எலிகளுக்குக் கொடுத்துத் தொடர்ந்து போனார். தசையில தங்கல. கர்ப்பப்பையில தங்குச்சு. அங்க அதைப் பிடிச்சு வைக்குற ஒரு புரதம் இருக்கு: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. உங்க பயாப்சி ரிப்போர்ட்ல "ஈ.ஆர். பாசிட்டிவ்"னு இருக்கே, அது இதுதான். அந்தம்மாவோட ரிப்போர்ட்லயும் இருந்துச்சு.

26/ இந்தியாவுல யாராவது இதைச் செஞ்சாங்களா? செஞ்சாங்க. கமல் ரணதிவே. 1917 நவம்பர் 8, புனேயில் பிறந்தவர். மருத்துவர் வி.ஆர். கானோல்கர் வழிகாட்டுதல்ல 1949-ல பம்பாய் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள் என்ன தெரியுமா? சுண்டெலிகளோட மார்புச் சுரப்பி. நாலு வேறு வேறு வம்ச எலிகளை ஒப்பிட்டுப் பாத்தார்.

27/ பிறகு அமெரிக்காவுல ஜார்ஜ் கை ஆய்வகத்துல செல் வளர்க்கப் பழகிட்டுத் திரும்பி வந்து, பம்பாய் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துல நாட்டோட முதல் திசு வளர்ப்பு ஆய்வகத்தை உருவாக்கினார். பரம்பரை, ஹார்மோன், பால்வழி வைரஸ் மூணும் சேர்ந்து எலிக்கு எப்படி மார்பகப் புற்றைக் கொண்டுவருதுன்னு வருஷக்கணக்கா ஆராய்ஞ்சார். 1966 முதல் 1970 வரை அந்த மையத்தோட இயக்குநர். 1973-ல இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கம். 1982-ல பத்மபூஷண். 2021-ல அவர் பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டப்பதான் நானே அவர் பேரை முதல்ல கேட்டேன். எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷத்துல யாரும் சொல்லல.

28/ நம்ம பக்கம் சிகிச்சைக்கான வாசலைத் திறந்ததும் ஒரு பெண்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை ஆரம்பிச்சார். அடுத்த வருஷம் அங்க சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல இறக்குற வரைக்கும் அங்கேயே இருந்தார்.

29/ சரி, லக்கஸாஞ் கேட்ட எதிர்ப்பொருள்? அது வேற எதையோ தேடினப்ப கிடைச்சுது. இங்கிலாந்தோட ஐ.சி.ஐ. கம்பெனி கருத்தடை மாத்திரை தேடிக்கிட்டு இருந்துச்சு. 1962-ல டோரா ரிச்சர்ட்சன் உருவாக்கின ஒரு பொருள் எலிகள்ல கர்ப்பத்தை நல்லாத் தடுத்துச்சு. பெண்கள்ல கொடுத்தா நேர்மாறு, கருமுட்டையை வெளியேத்திவிட்டுச்சு! கருத்தடைக்கு ஆகாது.

ஆனா ஆர்தர் வால்போல் அதை விடல. 1971-ல மான்செஸ்டர்ல மார்பகப் புற்றுக்குக் கொடுத்துப் பாத்தாங்க, வேலை செஞ்சுது. அதுதான் டமாக்சிஃபென்.

30/ எலியை முழுசா நம்பக்கூடாதுங்கிறதுக்கும் இதே மருந்துதான் சாட்சி. பெரிய வெள்ளை எலியில டமாக்சிஃபென் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும். சுண்டெலியில அதுவே ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும். மனுஷியில மார்பைக் காக்கும், கர்ப்பப்பை உட்சுவரைக் கொஞ்சம் தூண்டும். அதனாலதான் டமாக்சிஃபென் போடுறவங்க, தூரம் நின்ன பிறகு ரத்தம் பட்டா உடனே வரணும்னு சொல்றோம்.

31/ இதுக்கு நம்ம நாட்டுச் சொந்தக்காரி ஒருத்தி உண்டு. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துல டாக்டர் நித்ய ஆனந்த் குழு உருவாக்கின சென்ட்குரோமன். 1991-ல "சஹேலி"ங்கிற பேர்ல கடைக்கு வந்துச்சு. இன்னைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல "சாயா"ன்னு இலவசமாக் கொடுக்குறோமே, வாரம் ஒருமுறை கருத்தடை மாத்திரை, அதேதான். டமாக்சிஃபென் மாதிரியே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில உக்காந்து வேலை பாக்குற மருந்து.

32/ இப்ப லெட்ரோசோல். தூரம் நின்ன பிறகு சினைப்பை ஓஞ்சுடும். ஆனா அட்ரீனல் ஓயாது. அது ஆண் ஹார்மோன் வகை மூலப்பொருளை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். உடம்புக் கொழுப்புல, தசையில, புற்றுக் கட்டிக்குள்ளயும் கூட, அரோமடேஸ்னு ஒரு நொதி இருக்கு. அது அந்த மூலப்பொருளை ஈஸ்ட்ரோஜனா மாத்தும். அட்ரீனல்ல இருந்து பருத்தி வருது, கொழுப்புல இருக்குற மில்லு நூலா நூக்குது.

33/ இது தெரிஞ்சதும் ஒரு விடியல். அட்ரீனலை எதுக்கு அறுக்கணும்? மில்லை நிறுத்தினாப் போதுமே! முதல்ல அமினோகுளூட்டெதிமைட். வலிப்புக்கு வந்து, அட்ரீனலைக் கெடுக்குதுன்னு 1966-ல கைவிடப்பட்ட மருந்து. அந்தப் பக்கவிளைவையே ரிச்சர்ட் சான்டன் மருந்தாக்கினார். 1981-ல, அட்ரீனல் அறுவைக்கு இது சளைச்சதில்லைன்னு பரிசோதனையில காட்டினார். ஏஞ்சலா பிராடி அரோமடேஸை மட்டும் குறிவைக்குற மருந்தை எலிகள்ல நிரூபிச்சு மனுஷங்களுக்குக் கொண்டுவந்தார். 1990-கள்ல அனஸ்ட்ரசோல், லெட்ரோசோல்.

34/ ஆக, அந்தம்மா பையில கிடந்த சின்ன மாத்திரை, 1950-கள்ல வயித்தைத் திறந்து ரெண்டு அட்ரீனலை எடுத்துச் செஞ்ச வேலையைச் செய்யுது. கார்ட்டிசாலைத் தொடாம, உயிரை ஆபத்துல வைக்காம.

35/ மறுபடி வரச் சொல்லி இதைச் சுருக்கமாச் சொன்னேன். "மில்லை நிப்பாட்டுற மாத்திரையா"ன்னாங்க. ஆமாம்மா. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு நிஜக் காரணத்தைச் சொன்னாங்க: "அதைப் போட்டா காலையில கை மடக்க முடியல சார். மூட்டெல்லாம் பிடிச்சுக்குது. எங்க ஊர்ல ஒருத்தர் ஒரு மாத்திரை தந்தாரு. அதைப் போட்டா வலி பறந்துருது. அதனால இதை விட்டுட்டு அதைப் போட்டுக்கிட்டேன்."

36/ அட்டையைக் காட்டினாங்க. டெக்ஸாமெத்தசோன். அட்ரீனல் ஹார்மோனோட செயற்கை வடிவம். ஏழு மாசமா.

முகம் உப்பியிருந்ததும் சர்க்கரை ஏறியிருந்ததும் அப்பத்தான் எனக்கு உறைச்சுது. முதல் நாள் சத்தம் போடாம ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அந்தத் தப்பு என்னோடது.

37/ லெட்ரோசோலும் எலும்பைத் தேய்க்கும், ஸ்டீராய்டும் எலும்பைத் தேய்க்கும். ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தவும் முடியாது. வெளியில இருந்து ஹார்மோன் வந்துக்கிட்டே இருந்தா சொந்த அட்ரீனல் தூங்கிடும், எழுந்திருக்க நாளாகும். அதனால மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினேன். ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைச்சாங்க. கால்சியம், வைட்டமின் டி, எலும்பு ஸ்கேன். லெட்ரோசோல் மறுபடி ஆரம்பிச்சாச்சு. மூட்டுவலி இன்னும் இருக்கு. காலையில வெந்நீர்ல கை நனைச்சு அசைச்சுக்கிட்டு இருக்காங்க. ஏழு மாச இடைவெளி என்ன செஞ்சிருக்கும்னு காலம்தான் சொல்லணும்.

38/ உங்க வீட்டுல யாராவது இந்த மாத்திரைகள் போட்டா:

• கட்டியை எடுத்தாச்சுன்னு மாத்திரையை நிறுத்தாதீங்க. ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ளவங்க டமாக்சிஃபென் 5 வருஷம் போட்டா, நோய் திரும்புறது ஏறக்குறைய பாதியாகுது, மார்பகப் புற்றால வர்ற மரணம் மூணுல ஒரு பங்கு குறையுது. தூரம் நின்னவங்களுக்கு லெட்ரோசோல் வகை இன்னும் கொஞ்சம் கூடுதல் பலன்.

• பக்கவிளைவு இருந்தா மறைக்காதீங்க, வந்து சொல்லுங்க. மருந்தை மாத்த வழி உண்டு.

• "போட்டா உடனே வலி பறக்குது"ன்னு யாராவது பேரில்லாத மாத்திரையோ ஊசியோ கொடுத்தா, என்ன பேருன்னு கேளுங்க. அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்க.

• ஸ்டீராய்டு டாக்டர் எழுதிக் கொடுத்ததா இருந்தா பயந்து நீங்களா நிறுத்தாதீங்க.

• மார்புல வலியில்லாத கட்டி, காம்பு உள்வாங்கல், ரத்தக் கசிவு, எது இருந்தாலும் அந்த வாரமே வாங்க. பரிசோதிக்க எங்க ஆஸ்பத்திரியில பெண் மருத்துவர், செவிலியர் இருக்காங்க. வெக்கப்பட வேண்டாம்.

39/ எங்களை மாதிரி டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை போடாம வர்ற நோயாளி அறியாமையாலதான் வர்றார்னு நாம முடிவு கட்டிடுறோம். அந்தம்மா கேட்டது 1939-ல ஒரு ஆய்வகமே எலியை அறுத்துக் கேட்ட கேள்வி.

உங்க அம்மாவுக்கோ அக்காவுக்கோ சித்திக்கோ பயன்படும்னா படிச்சுக் காட்டுங்க.

அரசு மருத்துவர், கோவில்பட்டி